வாயிற்படி யாருக்குச் சொந்தம்?

மடிக்கணினி ஒன்றை விலை கொடுத்து வாங்குகிறோம். பணம் நம்முடையது. பெட்டி நம்முடையது. அதை வைத்திடும் மேசை நம்முடையது. அது குடித்திடும் மின்சாரத்துக்குக் கட்டணம் கட்டுவதும் நாமே! ஆயின், பொத்தானை அழுத்தியதும் அந்தப் பெட்டிக்குள் முதலில் கண் விழிப்பது யார், அது யாருடைய ஆணைக்குத் தலைவணங்குகிறது, இன்னொருவரை உள்ளே விடலாமா கூடாதா என்று தீர்மானித்திடும் அதிகாரம் எவரிடம் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா, தோழர்களே? வீட்டைக் கட்டியவன் ஒருவன், குடியிருப்பவன் ஒருவன், வாயிற்படியிலே நின்றுகொண்டு, 'நீ வா, நீ போ' என்று விரல் அசைப்பவனோ மூன்றாமவன்! அந்த மூன்றாமவனைப் பற்றித்தான் இன்று சில கூற விரும்புகிறோம்.

'கணினி நமக்கெதற்கு? அது மெத்தப் படித்தவர் பாடு!' என்று ஒதுங்கிட வேண்டாம். ஆலைத் தொழிலாளியின் ஓட்டு வீட்டிலும், தறி ஓடிடும் கூடத்திலும், கட்டுமரம் காயும் கரையோரக் குடிசையிலும் இன்று மடிக்கணினி இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில், மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கிற்று. அந்தத் திட்டம் நடந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஏழை எளியோர் வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. இடையில் நின்றுபோயிற்று. பின்னர் 2025 மார்ச் 14-இல் படிக்கப்பட்ட நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு, இரண்டு ஆண்டுகளில், மடிக்கணினியோ கையடக்கக் கணினியோ தரப்படும் என்று அறிவித்தது. இது மேட்டுக்குடியின் பேச்சு அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளின் மடியிலே கிடக்கும் பேச்சு!

அந்த முதல் பெட்டிகளிலே ஒரு விந்தை இருந்தது. ஒன்றல்ல, இரண்டு இயங்குதளங்கள்! ஒன்று விண்டோஸ், அமெரிக்க நாட்டு மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சரக்கு. மற்றொன்று 'பாஸ்' லினக்ஸ். நடுவண் அரசின் சி-டாக் நிறுவனத்தாரின் சென்னை மையத்தில் உருவாகி, 2007-இல் வெளிவந்த படைப்பு. நாம் சென்ற ஊர்களிலெல்லாம் அந்த மடிக்கணினி பெற்ற தம்பிகளிடமும் தங்கைகளிடமும் கேட்டோம்: 'இரண்டாவதைத் திறந்து பார்த்தீர்களா?' பெரும்பாலோர், 'எந்த இரண்டாவது?' என்று நம்மையே திருப்பிக் கேட்டனர். சிலர், 'அதுவா? கடைக்காரர் அழித்துத் தந்துவிட்டார்' என்றனர், ஏதோ வீட்டில் புகுந்த பாம்பை அடித்துப் போட்டதுபோல!

இயங்குதளம் என்றால் என்ன? ஆலையிலே வேலை செய்யும் தோழர்களுக்கு இதை விளக்கிட அதிக நேரம் பிடிக்காது. எந்திரம் இருக்கிறது, பஞ்சு இருக்கிறது, கதிர் இருக்கிறது, ஆட்களும் நிற்கிறார்கள். இருந்தும் மேஸ்திரி வந்து, இன்ன இடத்தில் இன்னார், இன்ன நேரத்தில் இன்ன வேலை என்று வகுத்துக் கொடுத்தால்தான் ஆலை ஓடும். கணினிக்குள்ளே அந்த மேஸ்திரி வேலையைச் செய்வது இயங்குதளம். விசைப்பலகை தட்டுவதைக் கேட்பது, திரையில் எழுதுவது, நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டில் சேமிப்பது அனைத்தும் அதன் மேற்பார்வை. ஒரே எந்திரத்துக்கு இரண்டு மேஸ்திரிகளை அமர்த்திடலாம், பகல் ஷிப்டுக்கு ஒருவர், இரவு ஷிப்டுக்கு ஒருவர் என்று. வட்டைப் பாகம் பிரித்து, ஆளுக்கொரு பகுதி கொடுத்துவிட்டால் போதும். ஷிப்டு மாறும்போது எந்திரத்தை நிறுத்தி, மறுபடி ஓட்ட வேண்டும், அவ்வளவே சங்கதி.

எந்த ஷிப்டு இப்போது என்று கேட்பதற்கென்றே, வாயிலில் ஒரு சின்னஞ்சிறு நிரல் நிற்கிறது. 'பூட் லோடர்' என்பர். தொடக்க ஏற்றி என்று நாம் வைத்துக்கொள்வோம். இரயில்வேத் தோழர்கள் இதைப் பாயிண்ட்ஸ்மேன் என்றால் உடனே புரிந்துகொள்வர். வண்டி மதுரைக்கா, திருச்சிக்கா என்பதை இஞ்சினுமா தீர்மானிக்கிறது? தண்டவாளம் பிரியுமிடத்தில் நெம்புகோலைப் பிடித்து நிற்பவன் கையில் அல்லவா இருக்கிறது! பழைய கணினிகளில் வட்டின் தலைமாட்டிலே 512 பைட்டு கொண்ட ஒரு கட்டம் உண்டு. அதிலே இந்தப் பாயிண்ட்ஸ்மேனுக்குக் கிடைத்த இடம் 446 பைட்டு. இந்தப் பத்தியின் பாதிகூட அதிலே அடங்காது. அத்தனை சிறிய இடம்!

அந்தச் சிறிய இடத்துக்காக நடந்த சண்டையின் கதை பெரிது.

ழான்-லூயி கஸே என்று ஒரு பிரெஞ்சுக்காரர். ஆப்பிள் நிறுவனத்தில் உயர்ந்த பொறுப்பிலே இருந்தவர். அங்கிருந்து வெளியேறி, 'பீ' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பீஓஎஸ் என்றோர் இயங்குதளத்தைச் செய்தார். படமும் பாட்டும் பல ஒரே நேரத்தில் ஓட்டினாலும் திணறாத தளம் என்று அதைப் பயன்படுத்தியோர் பாராட்டினர். 'விண்டோஸை விரட்டுங்கள்' என்று அவர் கேட்கவில்லை. 'விண்டோஸும் இருக்கட்டும்; எங்களுடையதும் பக்கத்தில் இருக்கட்டும்' என்றார். அதற்கு விலைகூட வேண்டாம் என்றார்! கணினி செய்யும் நிறுவனங்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பெட்டியைத் திறந்ததும், இதுவா அதுவா என்று கேட்கும் பலகையில் தம் தளத்தின் பெயரும் தெரிய வேண்டும். இலவசமாய்த் தருகிறேன், வாயிலிலே பெயரை மட்டும் எழுதிவையுங்கள் என்று கேட்டவருக்கு, எத்தனை நிறுவனம் ஓடோடி வந்திருக்க வேண்டும்?

ஜப்பானின் ஹிட்டாச்சி வந்தது. 1998-இல் அது வெளியிட்ட ஃப்ளோரா பிரியஸ் என்ற மேசைக் கணினியின் வட்டில் விண்டோஸ் 98-உம் இருந்தது, பீஓஎஸ்-உம் இருந்தது. ஆனால் பெட்டியைத் திறந்தால் விண்டோஸ் மட்டுமே தெரிந்தது! மற்றொன்று உள்ளே ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. நெகிழ்வட்டு ஒன்றைச் செருகி, நிறுவனம் காட்டிய வழியிலே நான்கைந்து படி நடந்தால்தான் அது வெளியே தலைகாட்டும். ஏன் இந்த ஒளிவு மறைவு? தொடக்கப் பலகையிலே எவரும் கை வைக்கலாகாது என்று, கணினி உற்பத்தியாளரோடு மைக்ரோசாப்ட் செய்துகொண்ட உரிம ஒப்பந்தம் தடுத்தது என்பது பீ நிறுவனத்தின் குற்றச்சாட்டு. பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்து, கூடத்துக்கு வரவிடாமல் பரண்மேல் உட்கார வைத்த கதையைத் தோழர்கள் எங்கேனும் கேட்டதுண்டா? கணினி உலகம் அதையும் கண்டது!

2001-இல் பீ தன் உடைமைகளை 1.1 கோடி டாலருக்குப் பாம் என்ற நிறுவனத்துக்கு விற்றது. 2002 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தது. 2003 செப்டம்பரில் சமரசம்: தவறு செய்ததாய் ஒப்புக்கொள்ளாமலேயே, 2 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலரை மைக்ரோசாப்ட் கொடுத்தது. கணக்குப் பாருங்கள் தோழர்களே! உயிரோடு இருந்தபோது பீ-யின் மதிப்பு 1.1 கோடி, செத்த பிறகு கிடைத்த இழப்பீடு அதைப்போல் இருமடங்கு! ஆனால் பணம் வந்தது, தளம் வரவில்லை. நம் மேசைகளில் இன்று பீஓஎஸ் இல்லை.

இதற்கிடையில் அமெரிக்க அரசே நீதிமன்றப் படியேறிற்று. 1998 மே மாதம் அந்நாட்டு நீதித் துறையும் பல மாநிலங்களும் மைக்ரோசாப்ட் மீது ஏகபோக வழக்கு தொடுத்தன. நிறுவனத்தை இரண்டாய்ப் பிளந்திட வேண்டும் என்று 2000-இல் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். 2001-இல் மேல்முறையீட்டு மன்றம், பிளப்பதை மட்டும் தள்ளிவிட்டு, ஏகபோகத்தைக் காப்பாற்றிட முறைகேடாய் நடந்தது என்ற முடிவின் பெரும்பகுதியை நிலைநிறுத்திற்று. 2002 நவம்பரில் முடிவான தீர்ப்பு வந்தது. அதிலே ஒரு சின்ன உட்பிரிவு. விண்டோஸ் தொடங்குமுன், வேறு இயங்குதளத்தைத் தொடங்கிடும் வாய்ப்பைப் பயனருக்கு அளிக்கக் கணினி நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதற்காக மைக்ரோசாப்ட் அதனைத் தடுத்தலாகாது என்பது அதன் சாரம். ஒரு நாட்டின் அரசும், நீதிமன்றமும், ஆயிரக்கணக்கான பக்கச் சாட்சியமும் திரண்டு வந்துதான் அந்த 446 பைட்டுக்கு விடுதலை வாங்கித் தர வேண்டியிருந்தது! அந்தத் தீர்ப்பின் காலமும் 2011 மே மாதத்தோடு முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரிலேதான் காக்களூரில் நம் பிள்ளைகள் இரட்டைத் தளப் பெட்டியைக் கையில் வாங்கினர்.

மைக்ரோசாப்ட் ஒன்றைமட்டும் குறைகூறிப் பேசினால், மற்றவர் எல்லாம் உத்தமர் என்று எண்ணிட இடமுண்டு. அதுவும் கூடாது. 2014 சனவரியில் தைவான் நாட்டு ஆசுஸ் நிறுவனம், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் கண்காட்சியிலே ஒரு மடிக்கணினியை வைத்தது. டிரான்ஸ்ஃபார்மர் புக் டூயட் என்று பெயர். விண்டோஸ் 8.1-உம் ஆண்ட்ராய்டும் சேர்ந்தே குடியிருந்தன. ஒரே பொத்தானை அழுத்தினால் இதிலிருந்து அதற்குத் தாவிடும். மக்கள் வியந்தனர். மார்ச்சு மாதத்திலே அந்தப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவருவது தள்ளிப் போடப்பட்டது. மைக்ரோசாப்ட், கூகுள் இரண்டுமே இதை விரும்பவில்லை என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஏடு எழுதிற்று. ஒருவரை ஒருவர் விழுங்கிடத் துடிக்கும் இரு முதலாளிகள், மூன்றாமவன் ஒருவன் இருவருக்கும் ஒரே கூரையின்கீழ் இடம் தருகிறேன் என்றதும், அந்தக் கூரையைப் பிரிப்பதிலே ஒன்றுபட்டு நின்றனர்! என்னே அவர்தம் ஒற்றுமை!

ஆப்பிளின் கதை வேறு வகை. 2006 ஏப்ரலில் 'பூட் கேம்ப்' என்ற கருவியைத் தந்தது. மேக் மடிக்கணினியிலே விண்டோஸையும் ஏற்றிக்கொள்ளலாம் என்றது. அப்போது மேக் பெட்டிகள் இன்டெல் சில்லுக்கு மாறியிருந்த சமயம். விண்டோஸ் பழகியவரை இழுத்திட அது தூண்டில். 2020 நவம்பரில் எம்1 என்ற தன் சொந்தச் சில்லு வந்ததும் பூட் கேம்ப் போயிற்று. கொடுத்தவன் விருப்பம், எடுத்தவனும் அவனே! அந்தப் பெட்டிகளில் லினக்ஸை ஏற்றிட, உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஆர்வலர் சிலர் கூடி, சில்லின் உள்விவரம் ஒவ்வொன்றையும் தாமே துருவிக் கண்டறிந்து, 2022 மார்ச்சில் அசாகி லினக்ஸ் என்ற முதல் பதிப்பை வெளியிட்டனர். அப்படிப்பட்டோரை வாழ்த்தாமல் எங்ஙனம் மேலே செல்வது?

இனி, இன்றைய பூட்டுக்கு வருவோம். 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது, 'செக்யூர் பூட்' என்ற ஏற்பாடும் கூடவே வந்தது. பெட்டியின் தாய்ப்பலகையிலே சில திறவுகோல்கள் பொதித்து வைக்கப்படும். அந்தத் திறவுகோலுக்குப் பொருந்தும் கையொப்பம் உள்ள தொடக்க ஏற்றிக்குத்தான் கதவு திறக்கும். இதை வெறும் சூழ்ச்சி என்று நாம் கூறமாட்டோம். இயங்குதளம் எழுமுன்னரே வாயிலிலே புகுந்து உட்கார்ந்துகொள்ளும் கேடு நிரல்கள் மெய்யாகவே உண்டு. அவற்றை விரட்டிட ஒரு காவல் தேவை. ஆனால் காவலனுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று கேட்கிறோம்! பெரும்பாலான பெட்டிகளிலே பொதித்திருப்பது மைக்ரோசாப்டின் திறவுகோல். ஆகவே உபுண்டு ஆகட்டும், ஃபெடோரா ஆகட்டும், 'ஷிம்' என்ற சிறு நிரலை எழுதி, அதை மைக்ரோசாப்டிடம் கொண்டுபோய், கையொப்பம் வாங்கி வந்துதான் உள்ளே நுழைகின்றன. போட்டிக் கடைக்காரனிடம் போய், 'ஐயா, என் கடையைத் திறக்க அனுமதிச் சீட்டு தாருங்கள்' என்று கேட்பது போன்ற ஏற்பாடு! விண்டோஸ் 8 காலத்தில், சாதாரண மடிக்கணினிகளில் இந்தப் பூட்டைப் பயனர் விரும்பினால் நீக்கிக்கொள்ள வழி இருந்தே தீரவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது, அந்த வழியை வைப்பதும் வைக்காததும் பெட்டி செய்வோர் விருப்பம் என்றாக்கப்பட்டது.

காவலன் கண் அயர்ந்தால், அல்லது அளவுக்கு மிஞ்சி விழித்தால், நேர்வது என்ன? 2024 ஆகஸ்ட் 13-ஆம் நாள் விண்டோஸுக்கு மாதாந்திரப் புதுப்பிப்பு வந்தது. கிரப் என்ற லினக்ஸ் தொடக்க ஏற்றியில் 2022-இலேயே தெரியவந்த ஓட்டை ஒன்றை அடைக்க வந்தது. நல்ல நோக்கந்தான். இரட்டைத் தளம் உள்ள பெட்டிகளில் இது செயல்படாது என்று மைக்ரோசாப்ட் சொல்லியிருந்தது. மறுநாள், உலகின் பல மூலைகளில் இரட்டைத் தளம் வைத்திருந்தோர் பெட்டியைத் திறந்தபோது லினக்ஸ் எழவில்லை. 'பாதுகாப்பு நெறி மீறப்பட்டது' என்ற பொருள்பட ஒரு வரி திரையில் தோன்றிற்று. பெட்டி தானே அணைந்தது. தன் சொந்த வீட்டுக்குள் நுழைந்தவனைத் திருடன் என்று காவலன் பிடித்துக் கொடுத்தான்! செப்டம்பரிலே அந்த மாற்றத்தை நிறுத்தினர். முழுத் தீர்வு வந்து சேர்ந்தது 2025 மே மாதத்தில். ஒன்பது மாதம்!

'அடிக்கடி இப்படித் தொல்லை தரும் இரண்டாம் தளம் எதற்கு? ஒன்றே போதுமே!' என்பார் உளர். அவர்களுக்கு விடை கூறிடுமுன், தேதிகள் சிலவற்றைப் படிக்கச் சொல்கிறோம். விண்டோஸ் எக்ஸ்பி-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றது 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு நின்றது 2020 சனவரி 14. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது 2025 அக்டோபர் 14. அடுத்ததான விண்டோஸ் 11-க்குப் போகலாமே என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், குறித்த காலத்துக்குப் பிந்திய செயலி வேண்டும் என்று அந்த நிறுவனம் பட்டியல் நீட்டுகிறது. 2011, 2012, 2013 ஆண்டுகளில் நம் பிள்ளைகள் வாங்கிய பெட்டிகள் அந்தப் பட்டியலுக்குள் வாரா. பெட்டியின் விசைப்பலகை தேயவில்லை, திரை மங்கவில்லை, செயலி சாகவில்லை. இருந்தும், 'உன் காலம் முடிந்தது' என்று கடல் கடந்த ஓர் அலுவலகம் நாள் குறிக்கிறது! நெசவாளி வீட்டிலே தாத்தன் காலத்துத் தறி இன்றும் ஓடுகிறது. தறி செய்தவன் வந்து, இன்ன தேதியோடு நெய்வதை நிறுத்து என்று சொன்னதுண்டா?

இங்கேதான் இரண்டாம் மேஸ்திரியின் அருமை தெரிகிறது. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள இயங்குதளம் ஒன்றைச் செய்வோம் என்று அறிவித்தார். குனு என்று அதற்குப் பெயர். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக் கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயதில், லினக்ஸ் என்ற கருவை வெளியிட்டார். இரண்டும் இணைந்தன. விலையின்மை இதன் பெருமையிலே கடைசி. இதன் உள்ளடக்கம் திறந்து கிடக்கிறது. ஒருவர் கைவிட்டால் இன்னொருவர் எடுத்து நடத்தலாம். தமிழிலே பட்டியல்கள் வேண்டுமா? எவரிடமும் அனுமதி கேளாமல், தமிழறிந்த ஆர்வலர் உட்கார்ந்து மொழிபெயர்த்தனர், அது வந்தது. விண்டோஸிலும் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு முதலே தமிழ் உண்டு, மறுக்கவில்லை. அங்கே தமிழுக்கு இடம் அளிப்பது அந்த நிறுவனத்தின் கருணை. இங்கே தமிழுக்கு இடம் எடுத்துக்கொள்வது நம் உரிமை. கருணைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை நம் தோழர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுமா என்ன!

வேலை வாய்ப்பு என்ற வாதம் வரும். அது வெற்று வாதமல்ல, மதிக்கிறோம். கணக்கெழுத டேலி, வரைபடத்துக்கு ஆட்டோகேட், அலுவலகத்துக்கு வேர்டு, எக்செல் என்று கேட்கிற முதலாளிகள் நாடெங்கும் இருக்கிறார்கள். அவை விண்டோஸிலே ஓடுகின்றன. அதைப் பழகாத பிள்ளை நேர்காணலிலே விழிப்பான். ஆகவேதான் விண்டோஸைத் தூக்கி எறி என்று நாம் கூறவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளும் லினக்ஸிலேயே ஓடுகின்றன. கையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசியின் கருவும் லினக்ஸே. இணையத்தைத் தாங்கும் வழங்கிகளில் பெரும்பகுதி அதுதான். தரமணியிலும் சிறுசேரியிலும் கண்ணாடி மாளிகைகளில் உட்கார்ந்து மாதம் பல்லாயிரம் ஈட்டுவோர், நாள்தோறும் தட்டுவது அந்தக் கருப்புத் திரையைத்தான். செல்வர் வீட்டுப் பிள்ளை அதைத் தனிப் பயிற்சிக்குப் பணம் கட்டிக் கற்கிறான். நம் வீட்டுப் பிள்ளைக்கோ அது மடியிலேயே இருந்தது. கடைக்காரன் 200 ரூபாய் வாங்கிக்கொண்டு அழித்துத் தந்தான்! அழித்த இடத்தில் களவுப் படி ஒன்றையும் ஏற்றினான். புதுப்பிப்பு வராத, நச்சு நிரல் நுழைந்திட வாகான படி!

கடைக்காரரைக் கடிந்து பயனில்லை. அவருக்குத் தெரிந்தது அது. குறை எங்கே? பெட்டியைக் கொடுத்தோம், இரண்டாவது கதவை எப்படித் திறப்பது என்று சொல்லிக் கொடுக்க ஆள் வைத்தோமா? கேரளத்து அரசுப் பள்ளிகளிலே கணினிப் பாடம் ஆண்டுக்கணக்காக லினக்ஸிலேயே நடக்கிறது. பாடநூலும் அதிலே, தேர்வும் அதிலே, ஆசிரியர்க்குப் பயிற்சியும் அதிலே. தேர்வு கேட்டால் பிள்ளை திறப்பான். தேர்வு கேளாததை எந்தப் பிள்ளை திறப்பான்? உத்தரப் பிரதேசத்திலும் 2013-இல் ஏறத்தாழ 15 லட்சம் மடிக்கணினி கொடுத்தனர். விண்டோஸ் 7-உம் உபுண்டு லினக்ஸும் அதிலே இருந்தன. ஏற்றிக் கொடுப்பது ஒப்பந்தப் புள்ளியிலே ஒரு வரி; பழக்கிக் கொடுப்பது ஆண்டு முழுதும் செய்திட வேண்டிய வேலை.

ஆகவே ஆட்சியாளரிடம் நாம் கேட்பது மூன்றே. இனி வாங்கும் ஒவ்வொரு பெட்டியிலும், திறந்ததும் பத்து விநாடியாவது இரண்டு பெயரும் பலகையில் தெரியட்டும், தமிழிலே தெரியட்டும். செக்யூர் பூட்டைப் பயனரே கட்டுப்படுத்தும் வழி இல்லாத பெட்டியை ஒப்பந்தத்திலேயே தள்ளுங்கள். லட்சக்கணக்கிலே வாங்குபவர் கேட்டால் எந்த நிறுவனம் மறுக்கும்? கல்லூரியின் முதல் பருவத்திலே நான்கு வகுப்பாவது இரண்டாம் தளத்தில் நடக்கட்டும்.

தோழர்களுக்கும் சில சொல்கிறோம். இரட்டைத் தளம் வைத்துக்கொண்டவர் இரண்டு சில்லறைத் தொல்லைகளைச் சந்திப்பர், அஞ்சிட வேண்டாம். ஒன்று, கடிகாரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் நேரம் ஐந்தரை மணி பின்தங்கி நிற்கும். பேய் பிசாசு ஒன்றுமில்லை. பெட்டியின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைப்பது லினக்ஸின் வழக்கம். உள்ளூர் நேரத்தை வைப்பது விண்டோஸின் வழக்கம். இந்திய நேரம் ஐந்தரை மணி முந்தியது. அந்த வேறுபாடுதான் திரையில் தெரிகிறது. லினக்ஸிலே ஓர் ஆணை கொடுத்தால் உள்ளூர் நேரத்துக்கு ஒப்புக்கொள்ளும். மற்றொன்று, லினக்ஸிலிருந்து விண்டோஸ் பாகத்தைத் திறந்தால் எழுதவிடாமல் முரண்டு பிடிக்கும். விண்டோஸ் அணைவதுபோல் பாசாங்கு செய்து பாதி உறக்கத்திலே கிடப்பதே காரணம். விரைவாய் எழுந்திட அந்த ஏற்பாடு. ஷிப்டு விசையை அழுத்திக்கொண்டு அணைத்தால் முழுதும் அணையும்.

நம் படிப்பகங்களிலே நாளேடு கிடக்கும் மேசையில் ஒரு மூலையை இதற்கு ஒதுக்கிடலாம். பரணிலே கிடக்கும் பழைய மடிக்கணினியை ஞாயிறு மாலை கொண்டு வரச் சொல்லுங்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை எழுதிவைத்தால், வட்டிலே எதையும் தொடாமல், செருகி ஓட்டிப் பார்த்திடலாம். பிடித்தால் ஏற்றலாம், பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடலாம். 2 ஜிபி நினைவகமே உள்ள பழைய பெட்டிக்கு, எக்ஸ்எஃப்சிஇ போன்ற எடை குறைந்த முகப்புள்ள பதிப்பைத் தேர்ந்தெடுக்கவும். முதலில் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருக்கும் புதிய பெட்டியாயின், அதன் மீட்புக் குறியீட்டைத் தாளிலே எழுதிவைத்த பிறகே பாகம் பிரிக்கத் தொடங்குங்கள். விண்டோஸ் வேண்டுமென்போர் அதை முதலிலும், லினக்ஸை அதன் பின்னரும் ஏற்றுங்கள். மாற்றிச் செய்தால் பின்னால் வந்த விண்டோஸ் வாயிலைத் தனதாக்கிக்கொள்ளும். மின்னேற்றியை மறவாமல் எடுத்து வாருங்கள். பழைய மின்கலம் பாதி வழியிலே உயிரை விட்டால், பிரித்த பாகமும் போய்விடும், பிள்ளையின் படமும் போய்விடும்.